ஹெப்ஸி டக்கெட்டை ஏன் பிடிக்கவில்லை

பூனைக்கறிக்காரி என்றால் பூனையை அறுத்து விற்பவள் அல்ல. பூனைகளுக்குக் கறி விற்பவள். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டாம் வருடம் எங்கள் பெல்ஃப்ரி சந்துக்கு வந்த பத்திரிகைக்காரர்களில் பாதிப்பேர் அதையே தப்பாக எழுதினார்கள். மீதிப்பேர் அவளுடைய பெயரைத் தப்பாக எழுதினார்கள்.

அவள் பெயர் ஹெப்சிபா டக்கெட். நாங்கள் ஹெப்ஸி என்போம். கதவு அளவு அகலம், அதற்கேற்ற குரல். தினமும் விடியற்காலையில் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு குதிரை அறுக்கும் கொட்டடிக்குப் போவாள். வேகவைத்த குதிரைக்கறியும், பச்சையாக ஈரலும் நுரையீரலும் வாங்கி வருவாள். சந்து வாசலில் நின்று நறுக்கி, குச்சிகளில் குத்தி, எங்கள் வைட்சாப்பல் பேட்டை முழுக்க விற்பாள். அவள் குரல் கேட்டால் மனிதர்கள் ஜன்னலை மூடுவார்கள், பூனைகள் ஜன்னல் வழியாகக் குதிக்கும். கணவன் டக்கெட் கப்பலுக்குப் போனவன். கப்பல் திரும்பி வந்துவிட்டது, அவன் வரவில்லை. "கடல்ல விழுந்திருந்தா மீனுங்களுக்கு வயித்துவலி வந்திருக்கும். அப்படி ஒண்ணும் சேதி வரலையே. எங்கியாவது நல்லாத்தான் இருப்பான்" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்த்தாள்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், சந்து முனையில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவன் நான். பெயர் ஆம்ப்ரோஸ் டிப்பிள். ஊர்க்கதை தெரியாத நாவிதனிடம் யாரும் தலையைக் கொடுக்க மாட்டார்கள்.

ஹெப்ஸிக்கு ஒரு சிநேகிதி இருந்தாள், ஃபேன்னி கோப் என்று. குள்ளமான உருவம், முன்பல் இரண்டு கிடையாது. தீப்பெட்டி விற்பாள், வீடு கழுவுவாள், செப்டம்பரில் கென்ட் பக்கம் தோட்டங்களில் பீருக்குப் போடும் ஹாப்ஸ் பூ பறிக்கப் போவாள். எதுவும் கிடைக்காத நாட்களில் மற்ற பெண்கள் செய்ததையே அவளும் செய்தாள். சத்திரத்தில் படுக்கைக்குக் காசில்லை என்றால் ஹெப்ஸியின் தரையில் வந்து படுத்துக்கொள்வாள். படுத்துக்கொண்டு பாடுவாள். அந்தப் பாட்டுக்குப் பயந்தே மேல்மாடிக்குக் குடிவந்த பலர் ஒரு மாதத்தில் காலி செய்தார்கள்.

அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் பக்கத்தில் பெண்களை யாரோ கத்தியால் கொன்றுகொண்டிருந்தான். பத்திரிகைகள் அவனுக்கு ஒரு செல்லப்பெயர் வைத்தன. பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் அவ்வளவு ஆசையாகப் பெயர் வைத்து நான் பார்த்ததில்லை. என் வாயால் அந்தப் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏற்கெனவே வேண்டிய அளவு புகழ் அவனுக்குக் கிடைத்துவிட்டது.

ஃபேன்னி செத்த அன்று மதியம் அவளுக்கும் ஹெப்ஸிக்கும் சண்டை. ஹெப்ஸியின் கெட்டிலை ஃபேன்னி அடகு வைத்துவிட்டாள். அதுவும் மூன்றாவது தடவை.

"அடியே திருட்டு நாயே, தேத்தண்ணிய நான் என்ன தொப்பியிலயா போட்டுக் குடிக்கிறது?" என்று கத்தினாள் ஹெப்ஸி.

"உன் தொப்பி ஒழுகும்டி. இல்லன்னா அதையும்தான் வெச்சிருப்பேன்" என்றாள் ஃபேன்னி.

தெருவே சிரித்தது. ஹெப்ஸி மட்டும் சிரிக்கவில்லை. இனி என் வாசற்படி ஏறாதே என்று சொல்லிவிட்டாள். அன்று இரவு ஃபேன்னி படி ஏறவில்லை. மறுநாள் காலையில் மரக்கடை முற்றத்தில் அவளைக் கண்டெடுத்தார்கள்.

அடையாளம் காட்டப் போனவள் ஹெப்ஸிதான். திரும்பி வரும் வழியில் என் கடைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பெண்களுக்கு முடிவெட்டுவதில்லை. ஆனால் எழுந்து போ என்று சொல்ல மனம் வரவில்லை. வெகுநேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெட்டில்னா என்ன ஆம்ப்ரோஸ்? ஒரு தகரம். அவ்வளவுதானே" என்றாள். அப்புறம் எழுந்து போய்விட்டாள். அன்று வைட்சாப்பல் பூனைகள் பட்டினி.

பிரேத விசாரணைக்கு ஒரு பள்ளிக்கூட அறையை ஒதுக்கினார்கள். முன்பெல்லாம் எங்கள் பக்கம் ஒருத்தி செத்தால் விசாரணை அதிகாரியும் அவருடைய இருமலும் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். இப்போது வாசலில் கோச்சு வண்டிகள் நின்றன. கையுறை போட்ட சீமாட்டிகள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஹெப்ஸி சாட்சி சொல்ல எழுந்தபோது நான் பின்னால் நின்றிருந்தேன்.

"இறந்துபோன அம்மா எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டார் அதிகாரி. மரியாதையான மனிதர்தான்.

"குள்ளமா இருப்பாங்க."

"குணத்தைக் கேட்டேன்."

"கையில எது கிடைச்சாலும் அடகுக்கடைக்குப் போயிடும். ஆனா சிரிக்க வெப்பா. நான் அவளைத் திருட்டு நாயேன்னு சொன்னேன், அதையும் எழுதிக்கங்க. கடைசியா நான் சொன்னது அதுதான்."

"குடிப்பாங்களா?"

"யாராவது வாங்கித் தந்தா குடிப்பா. தரலைன்னா பாடுவா. அதுக்குப் பயந்துகிட்டே வாங்கித் தருவாங்க."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அதிகாரி மேசையைத் தட்டினார். "ஒழுக்கம் தவறின வாழ்க்கைன்னு சொல்லலாமா?"

ஹெப்ஸி முன்வரிசைச் சீமாட்டிகளை ஒருமுறை பார்த்தாள். "ஐயா, படுக்கவே இடமில்லாதவ ஒழுக்கத்தை மட்டும் எங்கே கொண்டுபோய் வெப்பா?"

அந்தப் பதிலை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. 'சாட்சி துக்கத்தில் விம்மினார்' என்று போட்டார்கள். அடுத்த ஞாயிறு பாதிரியார் ஃபேன்னியை உதாரணம் காட்டிப் பிரசங்கம் செய்தார். உயிரோடு இருந்தபோது அவளைக் கோயில் வாசலிலிருந்து விரட்டியவர் அவர். சவ ஊர்வலத்தன்று ஊரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றது. அதில் பாதித் தொப்பிகள், அவள் தீப்பெட்டி நீட்டியபோது வேறு பக்கம் திரும்பிய தலைகளுக்குச் சொந்தமானவை.

அப்புறம்தான் ஊருக்குப் பைத்தியம் பிடித்தது.

பெரிய தெருவில் ஆக்டேவியஸ் ஸ்ப்ராட் என்பவர் பூட்டு, தாழ்ப்பாள், ஆணி விற்கும் கடை வைத்திருந்தார். அவர்தான் காவல் கமிட்டியை ஆரம்பித்தார். மக்களைக் காக்க வேண்டும், ஒவ்வொரு பெண்ணும் ஒரு விசில் வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு தாழ்ப்பாள் வேண்டும் என்று மேடையேறிப் பேசினார். விசில் அவர் கடையில் கிடைத்தது. தாழ்ப்பாளும் அங்கேயே கிடைத்தது. அவருடைய பொதுநலம் கல்லாப்பெட்டி நிறையும் அளவுக்கு வளர்ந்தது. ஒரு வாரத்தில் வைட்சாப்பல் முழுக்க விசில் சத்தம். எலியைப் பார்த்தால் விசில், மாமியாரைப் பார்த்தால் விசில். கமிட்டிக்காரர்கள் இருட்டில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டுபோய் போலீசில் ஒப்படைத்தார்கள். ஒரே இரவில் கமிட்டியின் பொருளாளரை இரண்டு தடவை பிடித்தார்களாம்.

கத்தி பிடித்துத் தொழில் செய்தவன் எவனும் தப்பவில்லை. கசாப்புக்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள், தக்கை வெட்டுபவர்கள், கால் ஆணி எடுப்பவர், பல் பிடுங்குபவர் எல்லோரும் ஒரு ராத்திரியாவது ஸ்டேஷன் பெஞ்சில் கழித்தார்கள். நான் இரண்டு ராத்திரி. எட்டு சவரக்கத்தி வைத்திருப்பவன் சும்மாவா இருப்பான் என்று கேட்டார்கள். என் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தை நிமிர்த்திக் காட்ட ஒருவனுக்கும் தைரியம் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊர் ஆம்பிளைகள் எல்லோரும் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகள் மாதிரி தாடியோடு அலைந்தார்கள். என் வீட்டில் ரொட்டி மெலிந்தது.

ஆனால் ஒவ்வொரு விடியலிலும் ரத்தம் தோய்ந்த ஏப்ரனும் ஒரு முழ நீளக் கத்தியுமாக இருட்டுச் சந்துகளில் தனியாக நடந்த ஓர் ஆள் உண்டு. ஹெப்ஸி டக்கெட்தான். அவளை ஒரு போலீஸ்காரன்கூட நிறுத்தவில்லை. "ஜாக்கிரதையாப் போங்கம்மா, கொலைகாரன் சுத்துறான்" என்று விளக்கைப் பிடித்து வழிகாட்டினார்கள்.

முதலில் அவள் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போகப்போக அது அவளுக்குள் முள்ளாகிவிட்டது. "உன்னைக்கூடப் புடிச்சாங்க ஆம்ப்ரோஸ். நீ ரத்தத்தைப் பார்த்தா மயங்கி விழறவன். நான் என்ன, கணக்கிலேயே இல்லையா?" என்பாள்.

நான் மயங்கி விழுந்தது ஒரே ஒரு தடவைதான். அன்று நான் சாப்பிடவும் இல்லை.

ஹெப்ஸியின் மேல்மாடியில் லெய்ப் கர்ஷன் என்ற யூதர் குடியிருந்தார். போலந்திலிருந்து வந்தவர். பூட்ஸுக்குக் கடைசிச் செதுக்கல் செய்யும் தொழில். மனைவி பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள். அவர்களை வரவழைப்பதற்காக இரவும் பகலும் உழைத்தார். பேச்சு குறைவு. எங்கள் மொழியில் அவருக்குத் தெரிந்ததில் பாதியை ஃபேன்னியின் பாட்டிலிருந்து கற்றுக்கொண்டவர். அதனால் சில நேரம் ரொம்ப மரியாதையான முகத்தோடு ரொம்ப மோசமான வார்த்தைகளைச் சொல்லிவிடுவார். அவரிடம் ஒற்றைக் காதுப் பூனை ஒன்று இருந்தது. ஆகவே அவர் ஹெப்ஸியின் வாடிக்கையாளர்.

அப்போது ஊரில் ஒரு பேச்சு. இப்படிப்பட்ட காரியத்தை ஆங்கிலேயன் செய்ய மாட்டான், வெளியூர்க்காரன்தான் செய்வான் என்று. எங்கள் ஆங்கிலேயர்கள் தங்கள் பெண்டாட்டிகளைச் சனிக்கிழமைதோறும் என்ன செய்தார்கள் என்பது எங்கள் சந்துக்குத் தெரியும். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

ஒரு திங்கட்கிழமை பிற்பகல். செய்து முடித்த வேலையைக் கறுப்புப் பையில் போட்டுக்கொண்டு முதலாளியிடம் கொடுக்கக் கிளம்பினார் லெய்ப். பெரிய தெருவில் ஸ்ப்ராட்டின் மனைவி இடித்துக்கொண்டு போனாள். இவர் தொப்பியைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார். ஃபேன்னியிடம் கற்றுக்கொண்ட மன்னிப்பு. அந்த அம்மா என்ன காதில் வாங்கினாளோ, விசிலை ஊதிவிட்டாள்.

பை கீழே விழுந்தது. செதுக்கும் கத்தி ஒன்று வெளியே உருண்டது. "கத்தி" என்றான் ஒருவன். "அவன்தான்" என்றான் இன்னொருவன். லெய்ப் பையை அள்ளிக்கொண்டு ஓடினார். ஓடுகிறவன் குற்றவாளி என்று ஊரே துரத்தியது. நின்றிருந்தால், நிற்கிறவன் திமிர்பிடித்த குற்றவாளி என்று அங்கேயே அடித்திருப்பார்கள்.

சந்து வாசலில் ஹெப்ஸி ஈரல் நறுக்கிக்கொண்டிருந்தாள். வண்டி வழியை அடைத்து நின்றது. லெய்ப் வண்டிக்கு அடியில் ஊர்ந்து இந்தப் பக்கம் வந்தார். துரத்தி வந்த கூட்டம் அந்தப் பக்கம் நின்றது. நூறு பேருக்குக் குறையாது. முன்னால் ஸ்ப்ராட், கையில் தடி.

"வண்டியைத் தள்ளு ஹெப்ஸி. அந்தாளை எங்ககிட்ட விடு."

"எதுக்கு?"

"பையில கத்தி வெச்சிருக்கான்."

"என் கையில இருக்கறது என்ன, பூச்செண்டா?"

அந்தச் சந்தடியில் நான் லெய்ப்பின் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். என் கடைக்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு, பக்கத்துத் தெருவுக்குத் திறக்கும். ஆனால் அந்தத் தெருவிலும் விசில் சத்தம். அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

"அவன் கை பூரா கறை, பார்த்தேன்" என்றாள் ஒருத்தி.

"பூட்ஸு மெழுகும்மா அது. ரத்தம்னா எப்படி இருக்கும்னு தெரியலைன்னா இதைப் பாரு" என்று ஹெப்ஸி தன் ஏப்ரனை இரு கையாலும் விரித்துக் காட்டினாள். முன்வரிசை ஓரடி பின்வாங்கியது. அந்த ஓரடி அவளுக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. வண்டியின்மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"கேட்டுக்கங்க. நான்தான் செஞ்சேன்."

அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், பெரிய தெரு டிராம் குதிரை மிரளும் அளவுக்கு. ஸ்ப்ராட்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒருவன் தடியைக் கீழே போட்டுக் கண்ணைத் துடைத்தான். அதோடு விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். சிரித்தவன் அடிக்க மாட்டான், வீட்டுக்குப் போய்விடுவான். லெய்ப் தப்பிவிட்டார்.

ஆனால் ஹெப்ஸியின் முகம் சிவந்துவிட்டது.

"என்ன சிரிப்பு? கத்தி இருக்கு. ரத்தம் இருக்கு. விடியறதுக்கு முன்னாடி எல்லாச் சந்துலயும் நடமாடறேன். எந்த வேலியில ஓட்டை, எந்த முற்றத்துல நாய் இல்லைன்னு எனக்கு அத்துப்படி. டிப்பிளைப் புடிச்சீங்க, அந்தப் பல்லுப் புடுங்கறவனைப் புடிச்சீங்க. என்னை ஏன்யா புடிக்கல?"

"நீ பொம்பளையாச்சே" என்றார் ஸ்ப்ராட், சிரிப்பு அடங்காமல்.

"செத்தவங்களும் பொம்பளைங்கதானே. சாகறதுக்கு மட்டும் பொம்பளை வேணும், சந்தேகப்படறதுக்கு ஆகமாட்டாளா?"

சிரிப்பு குறைந்தது. கூட்டம் யோசிக்க ஆரம்பித்துவிட்டது. யோசிக்கும் கூட்டத்தைப் போல் ஆபத்தானது உலகத்தில் வேறில்லை.

"அது சரிதானே" என்றது ஒரு குரல். "போன வியாழக்கிழமை விடியல்ல இவளை நான் பார்த்தேன்." போன வியாழக்கிழமை மட்டுமல்ல, பத்து வருடமாக எல்லா விடியலிலும் அவளை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அப்போது அது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. "தோளைப் பாரு, ஆம்பளைத் தோளு" என்றது இன்னொரு குரல். "குரலும்தான்." கடைசியில் ஒரு மேதாவி சொன்னான்: "பொம்பளை வேஷம் போட்ட ஆம்பளை. அதனாலதான் போலீசுக்குக் கிடைக்கல."

அவ்வளவுதான். விசில்கள் மறுபடி கிளம்பின. யாரோ வண்டிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார்கள். ஹெப்ஸி ஒரு முழு நுரையீரலை எடுத்து ஸ்ப்ராட்டின் முகத்தில் எறிந்தாள். சரியாகப் போய் ஒட்டிக்கொண்டது. அதே நேரத்தில் முனையிலிருந்து நாலு போலீஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். இல்லாவிட்டால் இந்தக் கதையை இத்தனை சிரிப்போடு நான் சொல்ல முடியாது.

அவளைச் சுற்றி நின்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். கூட்டமும் பின்னாலேயே போனது. நானும் கடையை லெய்ப்பிடம் விட்டுவிட்டு ஓடினேன். போகும்போது அவரிடம் "இங்கேயே இருங்க" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, ஃபேன்னி கற்றுக்கொடுத்த வார்த்தையால் அந்தக் கூட்டத்தை ஒரு தடவை திட்டினார். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

ஸ்டேஷனில் சார்ஜன்ட் குரூம் என்பவர் மேசையில் இருந்தார். சளி பிடித்த மனிதர். அந்த வாரம் மட்டும் 'நான்தான் கொலைகாரன்' என்று வந்து ஒப்புக்கொண்ட ஏழெட்டுக் குடிகாரர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பியவர்.

"பேரு?"

"உங்களுக்குத் தெரியாதா? உங்க வீட்டுப் பூனைக்கு நான்தானே போடறேன்."

"ஹெப்ஸி, எனக்குத் தலைவலி. வெளியில ஐந்நூறு பேரு நீ ஆம்பளைன்னு கத்தறான். நான் என்ன சொல்லட்டும்?"

"கொலை செஞ்சேனான்னு கேக்க மாட்டீங்களா?"

"செஞ்சியா?"

"இல்ல."

"தெரியும். உட்காரு."

"தெரியும்னா? எப்படித் தெரியும்? என்னை விசாரிச்சீங்களா? ஒரு கேள்வி கேட்டீங்களா?" அவளுக்குக் கோபம் குறையவில்லை. "ஃபேன்னிக்கும் எனக்கும் அன்னிக்கு மதியம் சண்டை. தெருவே பார்த்துச்சு. அதைக்கூட ஒருத்தர் வந்து கேக்கல. அவ எங்க போனா, யாரோட பேசினா, எதுக்கு அந்தப் பக்கம் வந்தான்னு எங்ககிட்ட கேட்டீங்களா? யூதன் எங்க, கசாப்புக்காரன் எங்கன்னு சுத்தறீங்க. அவளைப் பத்தித் தெரிஞ்சது எங்களுக்குத்தானேயா?"

சார்ஜன்ட் மூக்கைச் சிந்தினார். கைதிகளைச் சோதனை போடும் அம்மாவைக் கூப்பிட்டு ஹெப்ஸியைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். கொஞ்ச நேரம் உள்ளே இரண்டு பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த அம்மா வெளியே வந்து சார்ஜன்ட் காதில் ஏதோ சொன்னாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசற்படிக்குப் போனார். ஐந்நூறு பேர் அமைதியானார்கள்.

"பொம்பளைதான்" என்றார் சார்ஜன்ட்.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நாடகக் கொட்டகையில் காசைத் திருப்பித் தர மாட்டோம் என்று சொன்னால் எழுமே, அந்தப் பெருமூச்சு. "நல்லாப் பார்த்தீங்களா?" என்று ஒருவன் கேட்டான். அவனை மட்டும் உள்ளே கொண்டுபோய் ஒரு ராத்திரி வைத்தார்கள்.

மறுநாள் பத்திரிகைகளில் ஹெப்ஸி வந்துவிட்டாள். ஒன்றில் அவள் ஆறடி உயர ராட்சசி. இன்னொன்றில் துக்கத்தில் புத்தி பேதலித்த அப்பாவி. அவளுடைய வியாபாரம் விசித்திரமாக மாறியது. பழைய வாடிக்கையாளர்களில் சிலர் "இது குதிரைதானே?" என்று சந்தேகமாகக் கேட்டு, வாங்காமல் போனார்கள். மேற்குப் பக்கத்துச் சீமான்கள் கோச்சு வண்டியில் வந்து இறங்கி, பூனையே இல்லாமல் பூனைக்கறி வாங்கிப் போனார்கள். குச்சியை ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்வார்களாம். கறி நாறுகிற வரைக்கும்.

பெரிய தெருவில் மெழுகுப் பொம்மைக் காட்சி நடத்திய ஒருவன் அவளைத் தேடி வந்தான். வாசலில் ஏப்ரனோடு சும்மா நின்றால் போதும், வாரச் சம்பளம் என்றான். குளிர்காலம், கறி வியாபாரம் படுத்துவிட்டது. சரி என்றாள். முதல் நாள் உள்ளே என்ன காட்டுகிறான் என்று பார்க்கப் போனவள், ஃபேன்னியின் பொம்மைக்கு முன்னால் நின்றாள். அது முந்தின வருடம்வரை ஏதோ ஓர் இளவரசியாக நின்ற பொம்மை. பட்டுப் பாவாடை, ரோஜாக் கன்னம், வாய் நிறையப் பல். கழுத்தில் மட்டும் சிவப்புச் சாயம்.

"யாரு இது?"

"உங்க சிநேகிதிதாம்மா."

"இந்த மூஞ்சியும் இந்தப் பல்லும் அவளுக்கு இருந்திருந்தா இந்தத் தெருவுலயே இருந்திருக்க மாட்டாளேயா" என்றாள் ஹெப்ஸி.

அவன் சிரித்தான். ஹெப்ஸி சிரிக்கவில்லை. பொம்மையைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து, தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வரிசையில் நின்றவர்கள் இதுவும் காட்சியின் ஒரு பகுதி என்று கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டாள். ஃபேன்னி ஜென்மத்தில் முதல்முறையாக அந்த அறையைச் சூடாக்கினாள் என்று லெய்ப் சொன்னார். ஹெப்ஸி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். கண்ணீர் ஏப்ரனில் விழும்வரை அழுதாள். பிரேதக் கொட்டகையிலிருந்து வந்த நாளில்கூட அவள் அழவில்லை.

பொம்மைக்காரன் வழக்குப் போட்டான். மாஜிஸ்ட்ரேட் அவளுக்கு அபராதம் விதித்தார். லெய்ப், நான், சோதனை போட்ட அம்மா மூவரும் சேர்ந்து கட்டினோம். ஸ்ப்ராட்டிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர் எனக்கு ஒரு விசில் இனாமாகக் கொடுத்தார்.

கொலைகாரன் கிடைக்கவே இல்லை. ஒருநாள் கொலைகள் நின்றன, பத்திரிகைகள் வேறு கொலைக்குப் போயின. ஆனால் ஊர் மாறியது உண்மை. பத்து வருடமாகக் கேட்டும் கிடைக்காத தெருவிளக்குகள் வந்தன. மகாராணியின் பார்லிமென்டில் எங்கள் சந்தின் நிலைமை பற்றிப் பேசினார்களாம். இப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் வாழலாமா என்று பெரிய மனிதர்கள் கண்ணீர் விட்டார்கள். கண்ணீரின் முடிவில் பெல்ஃப்ரி சந்து வீடுகளை இடித்தார்கள். அந்த இடத்தில் நல்ல செங்கல் கட்டடம் எழும்பியது. அதன் வாடகை எங்களில் ஒருவருக்கும் கட்டுப்படியாகவில்லை. சத்திரங்களை மூடினார்கள். அங்கே படுத்திருந்த பெண்கள் எங்கே போனார்கள் என்று எந்தப் பெரிய மனிதரும் கேட்கவில்லை. அடுத்த பேட்டைக்குப் போனார்கள். வேறெங்கே போவார்கள்?

லெய்ப்பின் மனைவி காயா அடுத்த வசந்தத்தில் மூன்று பிள்ளைகளோடு கப்பலிலிருந்து இறங்கினாள். என் புருஷனைக் காப்பாற்றிய அந்தப் பெண் யார், ஏன் காப்பாற்றினாள் என்று அவளுக்குப் பெரிய சந்தேகம். முதல் நாளே இரண்டு பேருக்கும் படிக்கட்டில் சண்டை. ஒருத்திக்கு யூதர்கள் பேசும் இத்திஷ் தெரியும், மற்றவளுக்கு வைட்சாப்பல் தெரியும். ஒரு வார்த்தைகூட இருவருக்கும் புரியவில்லை, ஆனால் ஒரு வார்த்தையும் வீணாகவில்லை. நடுவில் நின்று மொழிபெயர்க்கச் சொன்னபோது லெய்ப் தனக்கு இரண்டு மொழியும் மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். ஒரு மாதத்தில் காயாவின் கடைசிப் பெண் ஹெப்ஸியின் மடியிலேயே தூங்க ஆரம்பித்தது. சந்து வீடுகளை இடித்தபோது அவர்கள் பெத்னல் கிரீனில் வீடு பிடித்து, கீழ் அறையை ஹெப்ஸிக்குக் கொடுத்தார்கள். நானும் பக்கத்தில் கடை போட்டேன். தாடிகள் எல்லாம் எப்போதோ போய்விட்டன.

சார்ஜன்ட் குரூம் ஓய்வு பெற்றுவிட்டார். மதுக்கடையில் ஒரு கோப்பை வாங்கித் தந்தால் கொலைகாரன் யார் என்று சொல்வார். என்னிடம் இதுவரை மூன்று வேறு பெயர்கள் சொல்லியிருக்கிறார். மூன்றுமே சத்தியம்.

போன மாதம்கூட ஓர் இளம் கனவான் வந்தார். அந்தக் கொலைகளை ஆராய்ச்சி செய்கிறாராம். ஹெப்ஸிக்கு இப்போது அறுபதுக்கு மேல். முழங்கால் போய்விட்டது, குரல் போகவில்லை. என் கடைக்கே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து பேசினாள். ஃபேன்னி ஹாப்ஸ் தோட்டத்தில் மேஸ்திரியைக் குளத்தில் தள்ளிய கதை, ஃபேன்னி பாதிரியாரின் கூடையிலிருந்து கோழியை எடுத்துக்கொண்டு அதை அவருக்கே விற்கப் பார்த்த கதை, எல்லாம் சொன்னாள். கனவான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அதெல்லாம் சரிங்கம்மா. அவன் யாருன்னு நீங்க நினைக்கிறீங்க?"

"எவன்?"

"கொலைகாரன்."

"எனக்கெப்படித் தம்பி தெரியும்? எனக்குத் தெரிஞ்சது அவளைத்தான். அந்தக் கோழி விஷயம் இன்னும் முடியல, கேக்கறியா?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். அதற்குள் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து காயா, மீன் பொரித்து வைத்து எவ்வளவு நேரம் ஆகிறது, ஆறிப்போனதைத் தின்ன இது என்ன சத்திரமா என்று கத்தினாள். ஹெப்ஸி பதிலுக்குத் திட்டிக்கொண்டே என் தோளைப் பிடித்து எழுந்தாள்.